டாக்சோ ஐஜிஎம் பாசிட்டிவ்: இப்போ பிடிச்சதா, எப்பவோ வந்து போனதா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பாலக்கோட்டுத் தோட்டக்காரன்

வணக்கங்க. திங்கட்கிழமைக்குள்ள ஒரு பதில் தெரிஞ்சாகணும், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளி வெள்ளாமை, கூட நாலு ஆடு. என் வீட்டுக்காரிக்கு இப்போ 11 வாரம். போன வருஷம் ஒண்ணு எட்டாவது வாரத்துலயே கலைஞ்சு போச்சு. அதனால இந்தத் தடவை ஆரம்பத்துலயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டினோம். பிள்ளையைப் பாதிக்கிற சில தொற்று இருக்கான்னு பார்க்க டார்ச்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதினாங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு. டாக்சோபிளாஸ்மாங்கிற கிருமிக்கு மட்டும், உடம்பு உண்டாக்குற ரெண்டு வகை எதிர்ப்புப் பொருளும் இப்படி:

ஐஜிஜி 164, பாசிட்டிவ்.
ஐஜிஎம் 1.4, பாசிட்டிவ். 1.0-க்கு மேல போனா பாசிட்டிவ்னு பக்கத்துலயே அச்சடிச்சிருக்கு.

டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசினாங்க. பூனையால வர்ற கிருமி, பிள்ளையோட மூளையையும் கண்ணையும் பாதிக்கும், 12 வாரத்துக்குள்ள முடிவு பண்ணிட்டா நல்லது, வீட்டுல பேசிட்டுத் திங்கட்கிழமை வாங்கன்னாங்க. முடிவுன்னா என்னன்னு எனக்கு அங்கே உறைக்கலை. வண்டியில திரும்பி வர்றப்போ மாரண்டஅள்ளி ரோட்டுல அவதான் பின்னாடி இருந்து, "கலைக்கச் சொல்றாங்கங்க"ன்னா. நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டேன்.

வீட்டுல அஞ்சு வருஷமா ஒரு பூனை இருக்கு. அன்னிக்கு ராத்திரியே அம்மா அதைக் கம்பெடுத்து விரட்டிட்டாங்க. இவ அன்னியில இருந்து ஒழுங்கா சாப்பிடலை.

ஐஜிஎம் இருந்தா இப்போதான் பிடிச்சிருக்குன்னு அர்த்தமா? அவளுக்கு இந்த மூணு மாசத்துல காய்ச்சல்னு ஒண்ணும் வரலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கழுத்துல நெறி கட்டி ஒரு மாசத்துக்கு மேல இருந்துச்சு. அப்போ டிபியான்னு பார்த்தாங்க, இல்லைன்னுட்டாங்க, தானா வத்திடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மத்தூர் தம்பி

அண்ணா, எங்க அண்ணிக்கும் டார்ச் பாசிட்டிவ்னுதான் வந்துச்சு. ஒரு வைத்தியர்கிட்ட சூரணம் வாங்கி மூணு மாசம் சாப்பிட்டாங்க, குழந்தை நல்லா பிறந்துச்சு. பூனையை மறுபடி வீட்டுக்குள்ள விடாதீங்க. நம்பர் வேணும்னா தர்றேன்.

லேப் அக்கா, ஊத்தங்கரை

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். திங்கட்கிழமை எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடாதீங்க. உங்க கையில இருக்கிற ரெண்டு நம்பரை வச்சு அந்த முடிவை யாராலயும் எடுக்க முடியாது. மத்தூர் தம்பி, உங்க அண்ணி குழந்தை நல்லா இருக்கிறது சந்தோஷம். ஆனா கர்ப்பிணிக்கு என்ன சேர்ந்திருக்குன்னு தெரியாத சூரணம் வேண்டவே வேண்டாம். அவங்களுக்கும் பழைய தொற்றா இருந்திருக்கலாம், சூரணம் சாப்பிடாமலே குழந்தை நல்லா பிறந்திருக்கும்.

நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்துல 22 வருஷம் வேலை பார்த்தவ. அதுல பாதிக்கு மேல எலைசா, அதாவது ரத்தத்துல எதிர்ப்புப் பொருளைத் தேடுற டெஸ்ட், பண்ற மேசையிலதான் போச்சு. அந்த உரிமையில சொல்றேன்.

நாங்க படிச்சப்போ, ஐஜிஎம் வந்தா புதுசு, ஐஜிஜி வந்தா பழசுன்னு ஒரே வரியில சொல்லிக் கொடுத்துட்டாங்க. நிறைய கிருமிக்கு அது ஓரளவு ஒத்து வரும். டாக்சோவுக்கு வராது. கிருமி உள்ளே போய் ஒரு வாரத்துல ஐஜிஎம் தலை காட்டும், அது சரி. ஆனா போக மாட்டேங்கும். சில பேருக்கு மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷத்தைத் தாண்டியும் ரத்தத்துல நிக்கும். ஐஜிஜி அடுத்த ரெண்டு மூணு வாரத்துல ஏறி, ஆயுசுக்கும் இருக்கும். அப்போ ரெண்டும் பாசிட்டிவா இருக்கிற ஒருத்தருக்கு, தொற்று போன மாசம் வந்ததா, போன வருஷம் வந்ததா? உங்க ரிப்போர்ட்டால அதைச் சொல்ல முடியாது. இது இன்னைக்கு நேத்துத் தெரிஞ்ச விஷயமும் இல்லை. 1997-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, டாக்சோ ஐஜிஎம் டெஸ்ட் கிட்டை மட்டும் நம்பிக் கர்ப்பிணிகளுக்கு முடிவு சொல்லாதீங்கன்னு டாக்டர்களுக்கு அறிவிப்பு விட்டுச்சு.

இதைப் பிரிக்கிறதுக்குன்னே ஒரு டெஸ்ட் இருக்கு. டாக்சோ ஐஜிஜி அவிடிட்டின்னு பேர். 1989-ல பின்லாந்து விஞ்ஞானிங்க டாக்சோவுக்கு இதைப் பண்ணிக் காட்டினாங்க. நீங்க தோட்டக்காரர், உங்களுக்குச் சட்டுனு புரியும். நட்டு மூணு நாள் ஆன தக்காளி நாத்தை ரெண்டு விரலால இழுத்தா அப்படியே வந்துடும். ரெண்டு மாசச் செடியை அப்படிப் பிடுங்க முடியாது, வேர் மண்ணைக் கவ்விப் பிடிச்சிருக்கும். எதிர்ப்புப் பொருளும் அப்படித்தான். தொற்று வந்த புதுசுல உடம்பு உண்டாக்குற ஐஜிஜி கிருமியை லேசாத்தான் ஒட்டிப் பிடிக்கும். மாசம் போகப் போக, இறுக்கிப் பிடிக்கிற ஐஜிஜியை உடம்பு தேர்ந்தெடுத்து உண்டாக்கும். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கம்னு பார்க்கிறதுதான் அவிடிட்டி.

எப்படிப் பார்க்கிறோம்னும் சொல்றேன், ஏன்னா கண்ணால பார்த்த பிறகுதான் எனக்கே இது மனசுல நின்னுச்சு. எலைசா தட்டுல சின்னச் சின்னக் குழி இருக்கும், அடியில கிருமியோட புரதம் பூசியிருக்கும். ஒரே ஆளோட ரத்த நீரை ரெண்டு குழியில விடுவோம். ஒட்ட வேண்டியது ஒட்டின பிறகு ஒரு குழியைச் சாதாரணக் கழுவு நீரால கழுவுவோம், இன்னொண்ணை யூரியா கலந்த நீரால. நீங்க பயிருக்குப் போடுற அதே யூரியாதான், லேபுக்குன்னு சுத்தம் பண்ணினது. நான் கையால பண்ணின காலத்துல ஒரு லிட்டருக்கு 360 கிராம் போட்டுக் கரைப்பேன். கரையக் கரையக் கண்ணாடிக் குடுவை ஜில்லுனு ஆயிடும், பானைத் தண்ணி மாதிரி. அந்த யூரியா லேசான பிடியைப் பிரிச்சு விட்டுடும், இறுகின பிடியை அசைக்காது. கடைசியில நிறம் வர்ற மருந்து விட்டு, அமிலம் விட்டு நிறுத்தினா மஞ்சள் வரும். பழைய தொற்றா இருந்தா ரெண்டு குழியும் ஏறக்குறைய ஒரே மஞ்சள். புதுசா இருந்தா யூரியா போட்ட குழி வெளுத்துப் போய், பக்கத்துக் குழி மட்டும் அடர் மஞ்சளா நிக்கும். இப்போ மிஷினே எல்லாத்தையும் பண்ணிடுது, சங்கதி அதேதான்.

இப்போ கணக்கு. அவிடிட்டி "ஹை"னு வந்தா, கடைசி நாலு மாசத்துக்குள்ள இந்தத் தொற்று வரலைன்னு அர்த்தம். சில கிட்டு மூணு மாசம்னு சொல்லும், ரிப்போர்ட்டு அடியில பாருங்க. உங்க வீட்டுல 11 வாரம்னா அது கடைசி மாதவிலக்குல இருந்து எண்றது. கரு தங்கி 9 வாரம்தான் ஆகுது. நாலு மாசம்னா 16 வாரத்துக்கும் மேல. ஆக ஹை வந்துட்டா, கரு தங்குறதுக்குக் குறைஞ்சது ஏழு வாரம் முன்னாடியே தொற்று வந்து அடங்கிடுச்சு. நோய் எதிர்ப்பு நல்லா இருக்கிற பெண்ணுக்குப் பழைய தொற்று குழந்தைக்குப் போறது அரிதிலும் அரிது.

அதனாலதான் இதை இப்பவே எடுக்கணும்னு சொல்றேன். இதே டெஸ்ட்டை 28 வாரத்துல எடுத்து ஹை வந்தா என்ன தெரியும்? 12-ஆவது வாரத்துக்கு முன்னாடி எப்பவோ வந்ததுன்னு தெரியும், அவ்வளவுதான். கரு தங்குறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியாது. 16 வாரம் தாண்டுறதுக்குள்ள எடுத்தாதான் பதில் முழுசா இருக்கும். உங்களுக்கு அந்த நேரம் கையில இருக்கு.

"லோ"னு வந்தா? அப்பவும் புதுசுன்னு முடிவு கிடையாது. சில பேருக்குப் பிடி இறுகவே ஒரு வருஷம்கூட ஆகும். இந்த டெஸ்ட் ஒரு பக்கம்தான் உறுதியாப் பேசும்.

ஒரு விஷயம், இத்தனை வருஷமா நெஞ்சுல கிடக்குது. பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்தா. மழை நாள். ரிப்போர்ட்டையெல்லாம் ஒரு துணிக்கடை கவர்ல சுத்தி மாராப்புக்குள்ள வச்சிருந்தா. அவளுக்கு ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு வேற ஏதோ டெஸ்ட்டுக்கு வந்தப்போதான் தெரிஞ்சுது, அந்தக் காகிதத்தைப் பார்த்துட்டுக் கலைச்சிருக்காங்க. மனசு கேக்காம, அன்னைக்கு எடுத்த ரத்தத்துல மீதி இருந்த ரத்த நீர்ல டாக்சோ ஐஜிஜியை மறுபடி போட்டுப் பார்த்தேன். நெகட்டிவ். நிஜமான தொற்றா இருந்திருந்தா ரெண்டு மாசத்துல ஐஜிஜி ஏறாம இருக்காது. தொற்றே வரலை, அந்த ஐஜிஎம் பொய். டெஸ்ட்டை நான் தப்பாப் பண்ணலை, கிட்டு காட்டினதை எழுதினேன். ஆனா அடியில "இதை மட்டும் வச்சு முடிவெடுக்க வேண்டாம், மூணு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கவும்"னு ஒரு வரி எழுதியிருக்கணும். அதுக்கப்புறம் அந்த வரி இல்லாம டாக்சோ ரிப்போர்ட் ஒண்ணைக்கூட நான் வெளியே விட்டதில்லை.

திங்கட்கிழமை டாக்டர்கிட்ட மரியாதையாவே கேளுங்க: "டாக்சோ ஐஜிஜி அவிடிட்டி எழுதிக் கொடுங்க, அது வர்ற வரைக்கும் வேற முடிவு வேண்டாம்." நம்ம ஊர் லேபுல பண்ண மாட்டாங்க, ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்புவாங்க. மாத்திரை ஏதாவது தர்றதா இருந்தா அதுக்கு முன்னாடியே ரத்தம் கொடுத்துடுங்க, மருந்து சாப்பிட்டா பிடி இறுகுறது தள்ளிப் போகலாம். முதல் ரத்தத்துல மீதி இருந்தா ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லுங்க. மூணு வாரம் கழிச்சு ரெண்டாவது ரத்தம் எடுத்தா, ரெண்டையும் ஒரே தட்டுல போட்டு ஐஜிஜி ஏறுதா, அப்படியே நிக்குதான்னு பார்க்கலாம். வேற வேற லேப் நம்பரை ஒப்பிடாதீங்க, ஒரு கிட்டோட 164 இன்னொரு கிட்டுல 164 ஆகாது.

வீட்டுல அவங்களைச் சாப்பிடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.

கால்நடை மருத்துவர், கிருஷ்ணகிரி

அக்கா சொன்னதோட நான் என் பக்கத்தைச் சேர்க்கிறேன். அந்தப் பூனை மேல பழி போட வேண்டாம். பூனைக்கு முதல் தடவை தொற்று வர்றப்போ ஒண்ணுல இருந்து மூணு வாரம் வரைக்கும்தான் மலத்துல இந்தக் கிருமியோட முட்டை வெளியேறும், அதுவும் பெரும்பாலும் குட்டிப் பருவத்துல. அஞ்சு வயசுப் பூனைக்கு அந்தக் கட்டம் எப்பவோ முடிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். வெளியே வந்த முட்டையும் உடனே தொத்தாது, பக்குவப்பட ஒரு நாளாவது ஆகும். பூனையைத் தடவினா வராது.

உங்க வீட்டுல நான் கவனிக்கச் சொல்றது மூணு இடம். மண் ஒண்ணு. அந்த முட்டை ஈர மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், அதனால நாத்து நடுறது களை எடுக்கிறதுன்னு உங்க வீட்டம்மா இறங்கினா கையுறை போடணும், சோப்பு போட்டுக் கை கழுவணும். தோட்டத்துல பறிச்ச தக்காளியைச் சேலையில துடைச்சுக் கடிக்கிற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு. கழுவிட்டுச் சாப்பிடுங்க. அப்புறம் ஆடு. இந்தக் கிருமி ஆட்டுக்கும் கரு கலைக்கும். உங்க ஆட்டுல எதுவாவது குட்டியைக் காலத்துக்கு முன்னாடி போட்டா, அந்த நஞ்சுக்கொடியைக் கர்ப்பிணி தொடவே கூடாது, நீங்க கையுறை போட்டு ஆழமாப் புதைச்சிடுங்க.

மூணாவது சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். ரத்தம் ஊறும்னு மசக்கைக்காரிக்கு நெருப்புல வாட்டிக் கொடுக்கிறது நம்ம பக்கத்து வழக்கம், எங்க அம்மாவும் என் மனைவிக்குக் கொடுத்தாங்க. மேலே கருகியிருக்கும், பிளந்தா நடுவுல ரத்தச் சிவப்பு இருக்கும். அந்தச் சிவப்பு இருக்கிற வரைக்கும் கிருமி சாகலைன்னு வச்சுக்கணும். சுவரொட்டி கொடுங்க, ஆனா குழம்புல போட்டு நல்லா வேக வச்சுக் கொடுங்க.

ஓசூர் அம்மா

எனக்கு "லோ" வந்துச்சு. அதனால எழுதறேன், லோ வந்தா என்ன ஆகும்னு பயந்துட்டு இருப்பீங்க.

14-ஆவது வாரத்துல ஐஜிஎம் பாசிட்டிவ், அவிடிட்டி லோ. பெங்களூர்ல பார்த்த டாக்டர் அன்னைக்கே ஸ்பைராமைசின் ஆரம்பிச்சாங்க. கிருமி தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குத் தாண்டாம இருக்கத்தான் அந்த மாத்திரைன்னாங்க. கர்ப்பத்தோட ஆரம்பத்துல தொற்று வந்தாலும் பிள்ளைக்குப் போறது பத்துல ஒண்ணு ரெண்டுதான், மாசம் ஏற ஏறத்தான் போற வாய்ப்பு கூடும்னு படம் போட்டு விளக்கினாங்க. ஆனா ஆரம்பத்துல போயிட்டா பாதிப்பு பெருசா இருக்கும்ங்கிறதையும் மறைக்கலை. 19-ஆவது வாரத்துல பனிக்குடத் தண்ணி எடுத்து, அதுல கிருமி இருக்கான்னு பிசிஆர்ங்கிற டெஸ்ட் பார்த்தாங்க. அதுக்கு 18 வாரம் முடியணுமாம், முன்னாடி எடுத்தா நம்ப முடியாதாம். அந்த ஊசியைப் பார்க்க முடியாம நான் என் வீட்டுக்காரர் சட்டைக் கையைப் பிடிச்சுட்டு இருந்தேன். நெகட்டிவ் வந்துச்சு. அதுக்கப்புறமும் பிரசவம் வரைக்கும் மாத்திரை, மாசா மாசம் ஸ்கேன்.

பிறந்ததும் பாப்பா ரத்தத்துல ஐஜிஜி பாசிட்டிவ்னு பார்த்து என் மாமியார் அழுதுட்டாங்க. அது என்னோடதுன்னு டாக்டர் சொன்னாங்க. தாயோட ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போகும், ஐஜிஎம் போகாது. பாப்பாவுக்கு ஐஜிஎம் நெகட்டிவ். சில மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தோம், ஐஜிஜி இறங்கிக்கிட்டே வந்து 11-ஆவது மாசம் இல்லாமப் போச்சு. இப்போ மூணு வயசு, வாசல்ல நிக்க விடமாட்டேங்குறா.

பாலக்கோட்டுத் தோட்டக்காரன்

எல்லாருக்கும் கும்பிடுறேங்க. ஒன்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

திங்கட்கிழமை போனோம். அக்கா சொன்ன வார்த்தையை ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போய்க் கேட்டேன். அந்த டாக்டர் அதெல்லாம் தேவையில்லைன்னாங்க. நான் சண்டை போடலை, ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்துட்டேன். எங்க ஊர் நர்சம்மாகிட்ட சொன்னேன். அவங்க கூடவே வந்து அரசு ஆஸ்பத்திரியில வேற ஒரு மேடத்துகிட்ட காட்டினாங்க. அந்த மேடம் முழுசாக் கேட்டாங்க, அவிடிட்டி எழுதினாங்க. ரத்தம் பெங்களூர் போச்சு, ஆறாவது நாள் ரிப்போர்ட் வந்துச்சு.

அவிடிட்டி இன்டெக்ஸ் 0.41. 0.30-க்கு மேல ஹைன்னு போட்டிருக்கு. அடியில, கடைசி நாலு மாசத்துக்குள்ள வந்த தொற்று இல்லைன்னு ஒரு வரியும் இருக்குங்க அக்கா, நீங்க எழுதுவேன்னு சொன்ன மாதிரி.

ரத்தம் எடுத்தப்போ 12 வாரம். மேடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினாங்க. மாத்திரை எதுவும் வேண்டாம், வழக்கமா வர்ற செக்கப்புக்கு வந்தா போதும்னுட்டாங்க. அவ வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி சாப்பிட்டா. அப்புறம் இன்னும் ரெண்டு கேட்டா.

ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு. அந்தக் கழுத்து நெறி இதனால வந்ததுதானா? அப்புறம் அவ கேக்கச் சொன்னது: போன வருஷம் போன பிள்ளை இந்தக் கிருமியால போச்சா?

லேப் அக்கா, ஊத்தங்கரை

தம்பி, இட்லி சாப்பிட்டாங்கன்னு படிச்சதும் எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்து எழுதறேன்.

நெறி: இருக்கலாம். டாக்சோ வந்தா கழுத்துல நெறி கட்டி, வலி இல்லாம வாரக்கணக்குல இருந்து தானா வத்துறது உண்டு. ஆனா அதுதான்னு இப்போ எந்த டெஸ்ட்டாலயும் நிரூபிக்க முடியாது. அவிடிட்டி, நாலு மாசத்துக்கு முன்னாடின்னு சொல்லும். நாலு மாசம்னா நாலு மாசமா, நாலு வருஷமான்னு பிரிக்கத் தெரியாது அதுக்கு. தேவையும் இல்லை.

போன வருஷப் பிள்ளை: எட்டு வாரத்துல தானா கலையறதுக்குப் பெரும்பாலும் கருவோட குரோமோசோம்ல வர்ற கோளாறுதான் காரணம். அவங்க வயல்ல குனிஞ்சது, வண்டியில வந்தது, பூனையைத் தூக்கினது, எதுவும் இல்லை. இதை நீங்க வாயால சொல்லாதீங்க, நான் எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டுங்க.

டார்ச் ரிப்போர்ட்டையும் அவிடிட்டி ரிப்போர்ட்டையும் ஒண்ணா லேமினேட் பண்ணி கர்ப்பிணி அட்டையோட வச்சிடுங்க. அடுத்த பிள்ளைக்கு யாராவது மறுபடி டாக்சோ எழுதினா இதைக் காட்டுங்க, ஐஜிஎம் அப்பவும் பாசிட்டிவா நிக்கலாம். 18-இல் இருந்து 20 வாரத்துக்குள்ள வர்ற ஸ்கேனைத் தள்ளிப் போடாதீங்க, அது எல்லாக் கர்ப்பிணிக்கும் எடுக்கிறது.

பூனை திரும்பி வந்துச்சா?